அத்தையின் கைப்பேசியில் திட்டாகிப்போன சிக்குக் கோலம்

மார்கழி தொடங்குவதற்கு இரண்டு வாரம் இருந்தபோது, நான் ஓய்வு நேரத்தில் எழுதிவந்த கோலச் செயலியின் சோதனைப் பதிப்பை மந்தைவெளியில் இருக்கும் அத்தையின் கைப்பேசியில் நிறுவிக் கொடுத்தேன். ஆண்ட்ராய்டு 6 ஓடும் பழைய கைப்பேசி அது. மாற்றச் சொன்னால், "நல்லா ஓடுறதை எதுக்கு மாத்தணும்?" என்பார். மறுநாள் காலை ஆறு மணிக்கே அழைத்துவிட்டார். "உள்ளே போய்ப் பார்த்தா கோலம் அழகா இருக்குடா. வெளியே, முகப்புல இருக்கே, அதுல கோலமாவைக் கொட்டிவிட்ட மாதிரி ஒரே வெள்ளையா இருக்கு."

அவர் முகப்பு என்றது, அன்றைய கோலத்தைக் காட்டும் விட்ஜெட்டை. ஒரே செயலி, ஒரே கோப்பு. செயலிக்குள் சரியாகத் தெரியும் படம், விட்ஜெட்டில் மட்டும் உள்வெளிகள் எல்லாம் அடைபட்டு ஒரே திட்டாக நின்றது. என் கைப்பேசியில் இரண்டுமே ஒழுங்காக இருந்ததால், குற்றம் அத்தையின் கைப்பேசியுடையது என்றே முதலில் நினைத்தேன். அந்த நினைப்பில் இரண்டு மாலைகள் வீணாயின.

காரணம் கோப்புக்குள் இருந்தது. கோலங்களை வரைந்து கொடுத்த நண்பர், கோடுகளைக் கோடுகளாக விடாமல், ஒவ்வொன்றின் வெளிவிளிம்பையும் உள்விளிம்பையும் தடம் பிடித்து, நிரப்பப்பட்ட உருவங்களாக மாற்றி எஸ்விஜியாக (உருவங்களின் விளிம்புகளை எழுத்தில் விவரிக்கும் படக் கோப்பு வகை) ஏற்றுமதி செய்திருந்தார். அப்படி மாற்றியதும், ஓர் இடம் நிறம் பெற வேண்டிய மாவா, காலியாக விடவேண்டிய வெளியா என்பதை ஒரு நிரப்பு விதிதான் தீர்மானிக்கிறது. ஒரு விதி நாம் சிறுவயதில் புளியங்கொட்டையை மூடிவைத்து ஆடிய ஒற்றையா இரட்டையா போன்றது: அந்தப் புள்ளியிலிருந்து வெளியே போகும்போது எத்தனை விளிம்புகளைக் கடக்கிறோம் என்று எண்ணி, ஒற்றை என்றால் நிரப்பும், இரட்டை என்றால் விட்டுவிடும். மற்றது திசையைப் பார்க்கும் விதி. கபாலீசுவரர் கோயில் மாட வீதிகளை ஒருவர் வலமாகச் சுற்றினால் கூட்டல் ஒன்று, இடமாகச் சுற்றினால் கழித்தல் ஒன்று என்று வைத்துக்கொண்டால், வெளிவிளிம்பு வலமாகவும் உள்விளிம்பு இடமாகவும் போகும்போது கணக்கு சுழியாகி உள்ளே வெற்றிடம் கிடைக்கும். இரண்டும் வலமாகவே போனால் கணக்கு இரண்டு, உள்ளேயும் நிறம் பாயும்.

நண்பரின் கோப்புகள் ஒற்றை இரட்டை விதியை நம்பி எழுதப்பட்டவை. செயலிக்காக அவற்றை மாற்றிய வெக்டர் டிராயபிள், அதாவது அதே வகைப் படத்துக்கு ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் வடிவம், 2014இல் ஆண்ட்ராய்டு 5.0 உடன் வந்தபோது திசை விதி மட்டுமே அதற்குத் தெரியும். மற்ற விதியைக் குறிப்பிடும் வசதி 7.0இல்தான் சேர்ந்தது. செயலிக்குள் படம் சரியாகத் தெரிந்ததற்கு, செயலியோடு சேர்த்து அனுப்பும் ஆண்ட்ராய்டுஎக்ஸ் என்ற நிரல் நூலகம்தான் காரணம்: பழைய பதிப்புகளில் அது தானே கோப்பைப் படித்து வரைகிறது. விட்ஜெட்டை வரைவதோ என் செயலி அன்று, முகப்புத் திரைச் செயலி. அதனிடம் என் நூலகம் இல்லை, கைப்பேசியில் உள்ள பழைய வரைவான்தான் இருக்கிறது. ஆக, ஒரே கோப்பை இரண்டு பேர் இரண்டு விதமாக வாசித்திருக்கிறார்கள்.

முதலில், உள்விளிம்புகளின் திசையை மட்டும் திருப்பினேன். அப்படித் திருப்பிய கோப்பு எந்த விதியிலும் ஒரே மாதிரி தெரியும். ஆனால் பத்துப் பன்னிரண்டு கோலங்களுக்குப் பிறகு, ஒரு கோட்டை உருவமாக்கி அந்த உருவத்தின் ஓட்டைகளைத் திருத்திக்கொண்டிருப்பது எனக்கே அபத்தமாகப் பட்டது. சிக்குக் கோலம் புள்ளிகளைச் சுற்றி ஓடும் இழை. அதைக் கோடாகவே எழுதி, தடிமனைத் தனியாகக் கொடுத்து, முனைகளை வட்டமாக்கினால் நிரப்பு விதி என்ற பேச்சே எழாது. எல்லாவற்றையும் அப்படியே திருப்பி எழுதினேன். புள்ளிகளுக்கும் ஒரு வழி கிடைத்தது. 15 புள்ளி, 8 வரை இடைப்புள்ளி வைத்தால் மொத்தம் 169 புள்ளிகள். ஒவ்வொன்றையும் வட்டமாக எழுதாமல், 0.01 நீளமுள்ள கோடாக எழுதி வட்ட முனை கொடுத்தால், 169 புள்ளிகளும் ஒரே பாதைக்குள் அடங்கிவிடுகின்றன.

கோப்புகள் சுருங்கியதில் இன்னொரு தொல்லையும் ஒழிந்தது. பாதைத் தரவு, அதாவது ஓர் உருவத்தின் போக்கை விவரிக்கும் எழுத்துச் சரம், 800 எழுத்துகளைத் தாண்டினாலே, நிரலின் குறைகளைச் சுட்டும் லின்ட் என்ற கருவி எச்சரிக்கும். அதை நான் பொருட்படுத்தியதில்லை. ஆனால் ஒரு சரம் 32,767 பைட்டைத் தாண்டினால், அதைச் செயலியின் வளத் தொகுப்பில் எழுத இயலாமல், சரம் மிகப் பெரிது என்ற பொருளுள்ள ஒரு சொல்லை அதன் இடத்தில் செயலியைக் கட்டும் கருவி வைத்துவிடுகிறது. பாதையைத் தேடிப் போன வரைவானுக்கு அந்தச் சொல் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை நான் ஒரு தேர்க் கோலத்தில் பார்த்தேன்.

கோலத்தின் பெயரைப் படத்துக்குள்ளேயே எழுதியிருந்ததும் தவறுதான். வெக்டர் டிராயபிளுக்கு எழுத்து என்ற உறுப்பே கிடையாது. எழுத்தை உருவமாக்க முயன்றபோது, தமிழைக் கோக்கத் தெரியாத ஒரு மென்பொருள் 'கோலம்' என்பதில் கொம்பைக் ககரத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டது. பெயரைப் படத்திலிருந்து எடுத்து, சாதாரண எழுத்துப் பெட்டியில் போட்டுவிட்டேன். அங்கே ஆண்ட்ராய்டே சரியாகக் கோத்துக்கொள்கிறது.

நிறம் கலந்து மங்கும் ரங்கோலிகளுக்கு இந்த வழிகள் எதுவும் உதவவில்லை. நிறச்சாய்வும் 7.0இல்தான் வந்தது. அவற்றுக்கு 7.0 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு ஓடும் கைப்பேசிகள் மட்டும் எடுத்துக்கொள்ளும் கோப்புறையில் வெக்டரையும், மற்றவற்றுக்குத் திரை அடர்த்திவாரியாகச் சாதாரணப் பிஎன்ஜி படங்களையும் வைத்தேன். செயலியின் எடை கூடியதுதான். இருந்தாலும் போகி அன்று அத்தையின் முகப்பில் தாமரை, இதழ் இதழாகத் தெரிந்தது. நிறம் மட்டும் கொஞ்சம் வெளுப்பு என்றார்.