ஏலகிரி குளிர்ல ஒரு குண்டுமல்லி

காட்பாடில எங்க அம்மா வீட்ல குண்டுமல்லிக்குன்னு யாரும் எதுவும் செஞ்சதே இல்ல. பாத்திரம் கழுவுற தண்ணி ஓடுற எடத்துல அது பாட்டுக்கு கெடக்கும், சித்திரை வெயில்ல நாம வதங்கிப் போயி உக்காந்திருப்போம், அது மட்டும் கொட்டோ கொட்டுன்னு பூக்கும். கல்யாணம் ஆகி ஏலகிரிக்கு வந்தப்ப அதுலருந்து நாலு குச்சி ஒடிச்சு ஈரத்துணில சுத்தி எடுத்துட்டு வந்தேன். 14 கொண்டை ஊசி வளைவுல எனக்குத்தான் வாந்தி, குச்சிக்கு ஒன்னும் ஆகல. (2019லயே இத திருப்பத்தூர் மாவட்டமா பிரிச்சாச்சு, அம்மாவுக்கு இன்னும் வேலூர் ஜில்லா தான்.)

மூணு குச்சி வேர் புடிச்சுது, ஆனா ரெண்டு வருஷம் ஒரு பூ கெடையாது. இங்க கிட்டத்தட்ட 1,100 மீட்டர் உயரம், மார்கழி ராத்திரில ஸ்வெட்டர் இல்லாம வாசல்ல நிக்க முடியாது. ஐயோ பாவம் குளிருமேன்னு கொய்யா மரத்தடில வச்சு, சாக்கு போத்தி, தெனமும் தண்ணி ஊத்தி, போதாததுக்கு யூரியா வேற போட்டேன். எல மட்டும் கரும்பச்சையா தளதளன்னு வந்துச்சு.

அம்மா போன்ல கத்துச்சு. "இன்னாடி கொழந்த மாதிரி வச்சினு கீற, தண்ணிய நிறுத்திட்டு வெட்டி வுடு!"

சரியாத்தான் சொல்லிருக்கு. மல்லி புதுசா வர்ற தளிரோட நுனிலதான் மொட்டு வைக்கும், அதனாலதான் மல்லித் தோட்டத்துல நவம்பர் கடைசில தரைலருந்து ஒன்றரை அடி விட்டு கவாத்து பண்ணுவாங்க, அதுக்கு முன்னாடியே தண்ணியயும் நிறுத்திடுவாங்க. யூரியா அதிகமானா எலதான் மிஞ்சும். கைநடுங்க வெட்டுனேன், வெட்டி முடிச்சதும் மொட்டக் குச்சிய பாத்து அழுகையே வந்துச்சு. தொட்டிய சமையல்கட்டு மேற்கு செவுத்தோரமா மாத்துனேன், மத்தியான வெயில முழுசா வாங்குற செவுரு அது, ராத்திரி எட்டு மணிக்கு கை வச்சாலும் வெதுவெதுன்னு இருக்கும். குளிருக்கு சாக்க விட இந்த செவுரு ஆயிரம் மேல். நடுவுல நரம்பு மட்டும் பச்சையா நின்னு எல வெளுத்துச்சு, இரும்புச்சத்து கொறைவு, ஃபெரஸ் சல்பேட் லிட்டருக்கு 5 கிராம் கலந்து தெளிச்சதும் தேறிடுச்சு.

இவ்ளோ ரகளை இல்லாம ஜாதிமல்லி வச்சிருக்கலாம், கொஞ்சம் குளிர் தாங்கும். பிரான்ஸ்ல கிராஸ்ங்குற ஊர்ல சென்ட்டுக்காக வளக்குறதே அந்த வகதான். பக்கத்து வீட்ல செண்பகம் யாரும் கண்டுக்காமலே பூத்து தெருவே மணக்குது, எனக்கு வயித்தெரிச்சல். ஆனா அம்மா வீட்டு மல்லி ஆச்சே.

மூணாவது வருஷம் பங்குனி கடைசில பதினோரு மொட்டு. விடியக்காலைல பறிச்சு எண்ணி எண்ணி பாத்தேன். மார்கழில இன்னும் கடைப் பூதான், அத மாத்த முடியல.

வைகாசில அம்மா வந்துச்சு. செடிய சுத்தி சுத்தி பாத்துட்டு ஒரு மொட்ட கிள்ளி மோந்துச்சு.

"வாசன கீது. மொட்டுதான் சிறுசு."

சொல்லிட்டு இருந்ததையெல்லாம் பறிச்சு கட்டி அதுவே வச்சினு போயிடுச்சு.