ஜெய்சல்மேர் இரவுத் தேர்வு: இருட்டும் முன்பே வானத்தைப் பிடியுங்கள்

ஜெய்சல்மேர் பாலைவனத்தில் எழுதிய வான நோக்குத் தேர்வின் மதிப்பெண் நேற்று வந்தது. 50-க்கு 41. பயிற்சி இரவில் 14தான் வாங்கியிருந்தேன், அதனால் பட்டியலைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. அடுத்த பேட்ச் கிளம்பும் முன் இதைச் சொல்லிவிட வேண்டும்.

அந்த 14, படிக்காமல் வாங்கியதில்லை. சென்னையில் மூன்று மாதம் மொட்டை மாடியில் ஸ்டார் சார்ட்டும் கையுமாக இருந்தவள் நான். நம் மாடியில் நாற்பது ஐம்பது நட்சத்திரம் தெரிந்தாலே பெரிது, விண்மீன் குழுக்களின் உருவங்கள் தனியாக நிற்கும். ஜெய்சல்மேர் பக்கம் குரி கிராமத்துக்கு அப்பால் மணல்மேட்டில், அமாவாசையன்று எட்டரை மணிக்கு அண்ணாந்து பார்த்தால் பழகிய உருவம் ஒன்றுகூட இல்லை. இடைவெளி முழுக்கப் பொடி நட்சத்திரம். கார்த்திகை என்றால் ஆறு என்று கேட்டே பழகிய எனக்கு ஒன்பது தெரிந்தது. "கடகம் எங்கேம்மா?" என்றார் மேடம். கை எந்தப் பக்கமும் நீளவில்லை.

மறுநாள் தேர்வு இரவில் ஒன்றே ஒன்றுதான் மாற்றினேன். சூரியன் மறைந்து எல்லாரும் டீக்குப் போனபோது நான் மணலில் மல்லாந்து படுத்துவிட்டேன். வெதுவெதுப்பாக இருந்த மணல் அரை மணியில் முதுகில் சில்லிட்டது. கோள்களை விட்டால் முதலில் சிரியஸ். அப்புறம் கெபெல்லா, ரைஜெல், திருவாதிரை, ரோகிணி. ஒவ்வொன்று வரும்போதும் பெயரை வாய்விட்டுச் சொன்னேன். புரோசியனும் பொல்லக்ஸும் வந்ததும், திருவாதிரையைச் சுற்றி ஆறு பிரகாச நட்சத்திரங்கள் அமைக்கும் குளிர்கால அறுகோணம் மூடியது. அந்த முக்கால் மணி நேரம் பாலைவன வானமும் சென்னை வானம் மாதிரியேதான் இருக்கும். அதற்குள் பிடித்துக்கொண்டால், பிறகு ஆயிரம் நட்சத்திரம் வந்தாலும் கலையாது.

மெஸ்ஸியர் பட்டியலில் உள்ள 110 வான்பொருள்களையும் (நட்சத்திரக் கொத்து, நெபுலா, கேலக்ஸி) மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். எனக்கு அது ஒத்துவராது. அறுகோணத்திலிருந்து நடந்து போனேன்: சிரியஸுக்குத் தெற்கே 4 டிகிரியில் அந்தப் பட்டியலின் 41-ஆவது, எம்41 நட்சத்திரக் கொத்து. பொல்லக்ஸுக்கும் மகத்துக்கும் ஏறக்குறைய நடுவே புகைபோல எம்44 கொத்து. முந்தின நாள் தொலைத்த கடகம் இருப்பது அங்கேதான்.

இழந்த 9 மதிப்பெண்ணும் மனதை விட்டுப் போகவில்லை. சிரியஸ் உச்சிவட்டம் (வடக்கிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்கே போகும் கோடு) கடக்கும் நேரத்தைச் சென்னைக் கணக்கிலேயே எழுதிவிட்டேன். குரி சென்னைக்கு ஒன்பதரை டிகிரி மேற்கே இருக்கிறது. டிகிரிக்கு 4 நிமிடம், ஆக 38 நிமிடம் தாமதம். 5 மதிப்பெண் போயிற்று. மேற்கே கூம்பாக நின்ற வெளிச்சத்தை ஜெய்சல்மேர் நகர வெளிச்சம் என்று குறித்ததில் இன்னொரு 4. நகரம் இருப்பது வடகிழக்கில்! நான் பார்த்தது ராசிமண்டல ஒளி, கோள்களின் தளத்தில் மிதக்கும் தூசியில் பட்டுச் சிதறும் சூரிய ஒளி. பிப்ரவரி, மார்ச் மாலைகளில் அது நன்றாகத் தெரியும். கட்டாயம் கேட்பார்கள்.

மற்றவை:

- துருவ நட்சத்திரம் சென்னையில் அடிவானத்திலிருந்து 13 டிகிரி உயரம், குரியில் ஏறக்குறைய 27. அதை அளக்கும் கருவியின் நூல்குண்டு காற்றில் ஆடும். ஐந்து முறை அளந்து சராசரி எடுங்கள்.
- அகத்தியர் நட்சத்திரம் (கனோபஸ்) 10 டிகிரிக்குச் சற்று மேலேதான் வரும். கூடாரம் மறைக்காத இடமாகப் பிடியுங்கள்.
- போனைத் தொடாதீர்கள். ஒரு தடவை பார்த்தால் கண் மறுபடி இருட்டுக்குப் பழக அரை மணி ஆகும். டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் இரண்டு மடிப்பு.
- டெலஸ்கோப்பில் கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸைச் சட்டைப்பையில் வையுங்கள், மணலில் வேண்டாம். எங்கள் ஃபோக்கஸருக்குள் (படத்தைத் தெளிவாக்கத் திருகும் பகுதி) ஒரு துகள் போய், திருகும்போதெல்லாம் கரகரவென்றது. மீதி இரவைப் பைனாகுலரில்தான் ஓட்டினோம்.