பழைய எண், புதிய எண்

தம்புசெட்டித் தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் 22 வருடங்களாக ஜெராக்ஸ், தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன். உயர் நீதிமன்றம் கூப்பிடு தூரம். மனு, பிரமாணப் பத்திரம், வாடகை ஒப்பந்தம் என்று நாள் முழுவதும் ஊராரின் முகவரிகளை அடித்துக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. கடைக்கு எதிர் நடைபாதையில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பத்துக்கு எழுதிக்கொள்ள ஒரு முகவரி இல்லை என்பது 2023 டிசம்பரில்தான் எனக்கு உறைத்தது.

மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்த சமயம். அரசு அறிவித்த 6,000 ரூபாய் நிவாரணத்தை ரேஷன் கடைகள் வழியாகக் கொடுத்தார்கள். அட்டை இல்லாதவர்கள் தனியே மனு எழுத வேண்டும். எதிரே பூ கட்டி விற்கும் ஆயாவின் மருமகள் மனு எழுத வந்தார். அவர் பெயரையும் கணவர் பெயரையும் எழுதிவிட்டு, கைப்பழக்கத்தில் "முகவரி சொல்லுங்கள் அம்மா" என்றேன். அவர் திரும்பி, கடை வாசலிலிருந்து தெரிந்த நீலத் தார்ப்பாயைக் காட்டினார். "அதுதான் சார். அதற்கு என்ன பெயர் போடுவீர்களோ, போடுங்கள்."

இரண்டு நாள் கழித்து மறுபடியும் வந்தார். பாலிதீன் பையில் மழையில் நனைந்து ஒட்டிக்கொண்ட ஒரு தாள். மகளின் பிறப்புச் சான்றிதழ். ராயபுரம் அரசு மருத்துவமனையில் பிறந்தவள். பெற்றோர் பெயர், தேதி எல்லாம் இருந்தன. குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. லேமினேஷன் செய்யச் சொன்னார். பெயர் சேர்க்காமல் செய்தால் பிறகு பயன்படாதே என்று பேச்சுக் கொடுத்தபோதுதான் சொன்னார்: "பிள்ளைக்குப் பத்து முடிந்துவிட்டது சார். பெரியவளாவதற்குள் எங்களுக்கு ஒரு கதவு வேண்டும்."

வீடு என்று அவர் கேட்கவில்லை. இரண்டு பெண்களைப் பெற்றவன் நான். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் குடும்பத்தில் ஐந்து பேர். ஆயா, மகன், மருமகள், பெண் ஒன்று, ஆறு வயதில் பையன் ஒருவன். மகன் மீன்பாடி வண்டியில் காகிதக் கட்டு ஏற்றுகிறார். மருமகள் நான்கு கடைகளில் பெருக்கித் துடைக்கிறார். காலையில் ஷட்டர்கள் தூக்கப்படும் முன் படுக்கை, பாத்திரம், அடுப்புக்கல் எல்லாவற்றையும் கட்டி, தார்ப்பாயால் மூடி மூலையில் ஏற்றிவிடுவார்கள். ஷட்டர் இறங்கிய பிறகுதான் மறுபடியும் விரிப்பார்கள். அங்கே ஐந்து பேர் வாழ்கிற சுவடே பகலில் தெரியாது. 22 வருடம் எதிரில் உட்கார்ந்திருந்தும் எனக்குத் தெரியாமல் போனது அதனால்தான்.

முதலில் நான் சொன்ன இரண்டு யோசனைகளும் தவறு. மாநகராட்சிக் காப்பகத்துக்குப் போங்கள் என்றேன். ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகமாவது, ஆண்டு முழுவதும் இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இலேயே சொல்லியிருக்கிறது. சென்னையிலும் காப்பகங்கள் நடக்கின்றன. ஆனால் பெரும்பாலும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. "அவர் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கமா சார்?" என்றார் மருமகள். அடுத்து, பெரும்பாக்கத்தில் நகர்ப்புற வாழ்விட வாரியத்தின் குடியிருப்பு கிடைக்குமா என்று கேட்போமே என்றேன். ஆயா பூ கட்டுவதை நிறுத்தாமலே, "அங்கே என்னிடம் யார் பூ வாங்குவார்கள்?" என்றார். காளிகாம்பாள் கோயிலுக்கு வருபவர்களை நம்பி நாற்பது வருடம் உட்கார்ந்த இடம் அது. மகனுக்கும் விடியற்காலையில் கிடங்கு வாசலில் நின்றால்தான் வேலை. நகரத்துக்குத் தெற்கே இருக்கும் பெரும்பாக்கத்திலிருந்து அவர் எப்படி வருவார்? வீடு கொடுத்துப் பிழைப்பைப் பிடுங்கும் ஏற்பாடு உதவி ஆகாது. இந்தப் பகுதியிலேயே ஒரு வாடகை அறை என்று முடிவு செய்தோம்.

வாடகைக்குப் போனால் ஆதார் கேட்பார்கள். ஆதாருக்குப் போனால் முகவரிச் சான்று. அந்தச் சான்றுக்கு ரேஷன் அட்டை, ரேஷன் அட்டைக்கு மறுபடியும் ஆதார். மாமன்ற உறுப்பினரின் கடிதத்தோடு ஒரு பதிவு மையத்துக்குப் போய் அரை நாள் நின்றோம். திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடிதத்தாளில் எழுதியது செல்லாது. அதற்கென்று உள்ள மாதிரிப் படிவத்தில், புகைப்படத்தின் மேல் விழும்படி கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும். தேதியிலிருந்து மூன்று மாதம்தான் அது செல்லும். இதைச் சொல்ல அங்கிருந்தவருக்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் அவர் அந்த அம்மாளின் முகத்தைக்கூடப் பார்க்காமல், "பிளாட்பாரத்துக்கெல்லாம் கிடையாது" என்றார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த கணவர் ஒன்றும் பேசாமல் வெளியே போய் நின்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

கதவைத் திறந்துவிட்டவர், என் கடையில் நகல் எடுக்க வரும் ஒரு வழக்கறிஞர். "ஆதாரை விடுங்கள், வாக்காளர் அட்டையிலிருந்து ஆரம்பியுங்கள்" என்றார். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-இல் வீடற்றவர்கள் தாங்கள் தூங்கும் இடத்தை எழுதினால் போதும். முகவரிக்குக் காகிதம் வேண்டாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் நேரில் வந்து, அதுவும் ஒரு நாளுக்கு மேல் வந்து, இவர்கள் அங்கேதான் தூங்குகிறார்கள் என்று பார்த்து எழுதினால் பெயர் சேரும். தேர்தல் ஆணையத்தின் விதியே அது. இத்தனை வருடம் படிவம் விற்ற எனக்கு அது தெரியாமல் இருந்ததே என்று வெட்கமாக இருந்தது.

கடைக்கு எதிர் நடைபாதை என்று எழுதி மூவருக்கும் விண்ணப்பித்தேன். ஆயாவுக்குப் பிறந்த வருடம் தெரியவில்லை. "அண்ணா செத்தபோது என் அப்பா தோளில் உட்கார்ந்து கூட்டம் பார்த்தேன். எனக்குப் பல் விழுந்திருந்தது" என்றார். அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி. பல் விழும் வயது ஆறு, ஏழு. கழித்துப் போட்டோம்.

ஜனவரி மாத இரவு, பத்தரை மணி. அந்த அலுவலர், பகலில் அங்கன்வாடியில் வேலை பார்க்கும் பெண், கணவரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தார். நான் கடையைப் பூட்டாமல் காத்திருந்தேன். டீக்கடைக்காரர் பாய்லரை அணைக்கவில்லை. நகைக்கடைக் காவலாளி நாற்காலியை இந்தப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். பூக்கார அம்மாக்கள் இரண்டு பேர் வீட்டுக்குப் போகாமல் நின்றார்கள். யாரும் யாரையும் அழைக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்த பையனைத் தட்டப்போன மருமகளை, "எழுப்பாதீர்கள், தூங்குவதைத்தானே பார்க்க வந்தேன்" என்று தடுத்தார் அந்தப் பெண். கைப்பேசி வெளிச்சத்தில் குறித்துக்கொண்டே, "எத்தனை வருடமாக இங்கே?" என்று மகனிடம் கேட்டார். "பிறந்ததே இங்கேதான் அம்மா" என்றார் அவர். "ஆமாம், எனக்குத் தெரியும்" என்று டீக்கடைக்காரர் குரல் கொடுத்தார். காவலாளியும் சொன்னார், நானும் சொன்னேன். நான்கு நாள் கழித்துச் சொல்லாமல் இன்னொரு இரவு வந்து பார்த்துவிட்டுப் போனாராம். அந்த அம்மாவின் கையைப் பிடித்து நன்றி சொல்லாமல் விட்டேனே என்று இன்றும் நினைக்கிறேன்.

அட்டைகள் விரைவுத் தபாலில் வந்தன. என் கடையில் கொடுக்கட்டுமா என்று தபால்காரர் கேட்டார். வேண்டாம், அவர்களிடமே கொடுங்கள் என்றேன். அவர் சாலையைக் கடந்து, தார்ப்பாய் முன்னால் நின்று, ஆயாவின் முழுப்பெயரை உரக்கப் படித்தார். ஆயா நாரைக் கீழே வைத்துவிட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று வாங்கினார். ஏப்ரல் 19 அன்று மூவரும் வாக்களித்துவிட்டு விரல் மையோடு என் கடைக்கு வந்தார்கள்.

வாக்காளர் அட்டையை வைத்து ஆதாருக்குப் போனோம், இந்த முறை வேறு மையம். மகனின் கைரேகை விழவில்லை. கயிறு இழுத்து இழுத்து விரல் நுனி வழுவழுவென்று தேய்ந்திருந்தது. பதிவு செய்த இளைஞர் ஈரத்துணி கொடுத்துத் துடைக்கச் சொன்னார், ஒவ்வொரு விரலையும் தன் கையால் அழுத்திப் பார்த்தார். கடைசியில் கண் பதிவு கைகொடுத்தது. பெரியவர்களுக்குப் புதிதாக எடுத்தால் சரிபார்ப்பு உண்டு, மாதங்கள் ஆகும். ஒப்புகைச் சீட்டைத் தொலைக்காமல் வையுங்கள். இவர்களுடையதை நான் கடையிலேயே வைத்திருந்தேன்.

ஜூனில் பள்ளி. பையனிடம் சான்றிதழ் இல்லை. வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு. அதை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போனேன். எடுக்க வேண்டியிருக்கவில்லை, தலைமையாசிரியை இரண்டு பேரையும் உடனே சேர்த்துக்கொண்டார். கொரோனாவில் ஒன்றாம் வகுப்போடு நின்றுபோன பெண்ணை அவள் வயதுக்குரிய ஆறாம் வகுப்பில் உட்கார வைத்து, மாலையில் தனியாக எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். பையனுக்குப் பள்ளியிலேயே காலைச் சிற்றுண்டி. பள்ளிக்குப் போகும் முன் குளிக்க ஓர் இடம் வேண்டுமே என்று தவித்தபோது, பக்கத்து மேன்ஷனைப் பார்த்துக்கொள்பவர் காலை ஐந்தரை முதல் ஆறு வரை ஒரு குளியலறையின் சாவியை மருமகளிடம் கொடுத்துவிட்டார். உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள குளியலறை. அந்தச் சாவியை அவர் தாலிக்கயிற்றோடு சேர்த்துக் கோத்துக்கொண்டார்.

ரேஷன் அட்டைக்குத் தனிச் சமையல் உண்டா என்று விசாரணைக்கு வருவார்கள். மூன்று கல்லையும் சோற்றுப் பானையையும் காட்டினோம். விசாரணைக்கு வந்தவர் எழுதிக்கொண்டு போனார். அட்டை வந்தது.

அறை தேடியதுதான் என்னை மிகவும் நோகடித்தது. ஏழு வீடுகள். இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கும்வரை எல்லாம் சரியாக இருக்கும். பதில் கேட்டதும், நேற்றே ஆள் வந்துவிட்டது என்பார்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வயதான அம்மா மட்டும், நேரில் வந்து பார்க்கிறேன் என்றார். மாலையில் வந்தார். பலகைமேல் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "என் வீட்டுப் பாத்திரம்கூட இப்படி இல்லை" என்றார். வாடகை 4,000, முன்பணம் 20,000.

அந்த 20,000-ஐ நான் தருகிறேன் என்றேன். ஆயா ஒப்புக்கொள்ளவில்லை. பூக்காரர்களிடையே மாதம் 1,000 ரூபாய், 20 பேர் குலுக்கல் சீட்டு ஒன்று தொடங்க இருந்தது. முதல் மாதம் சீட்டுக் குலுக்காமலே பணத்தை ஆயாவின் மடியில் போட்டார்கள். அதில் இரண்டு பேர் வீட்டில் அந்த வருடம் கல்யாணம் இருந்தது. மாதாமாதம் ஆயா அதைக் கட்டிக்கொண்டிருக்கிறார். யாருக்கும் கடன்பட்டவராக அல்ல, சீட்டுக்காரராகக் கட்டுகிறார். நான் கொடுத்திருந்தால் அந்த நிமிர்வைக் கெடுத்திருப்பேன்.

2025 தையில் குடியேறினார்கள். ஆயா பகலில் அதே இடத்தில்தான் பூ விற்கிறார். அவருடைய முதியோர் ஓய்வூதிய மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. அதை நான் விடப்போவதில்லை. பெண்ணின் சான்றிதழில் பெயர் சேர்த்தாயிற்று. 15 வயதுக்குள் சேர்த்துவிட வேண்டும் என்பதைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லுங்கள்.

போன வாரம் அந்தப் பெண் பள்ளிச் சீருடையில் கடைக்கு வந்தாள். வாக்காளர் பட்டியலில் அம்மாவின் முகவரியை மாற்ற படிவம் 8. எழுதிக்கொடுக்கிறேன் என்றேன். நானே எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கிக்கொண்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுத்தெழுத்தாக எழுதிவந்தவள் முகவரிக் கட்டத்தில் நின்றாள்.

"எங்கள் வீட்டுக் கதவில் இரண்டு எண் இருக்கிறது அங்கிள். பழைய எண், புதிய எண். எதை எழுத வேண்டும்?"

"இரண்டையும் எழுதம்மா" என்றேன்.