அளவையியல் சேரும் அம்மாவின்ர கலண்டரும்

இந்த மலர்ப் புத்தகத்துக்கு எழுதச் சொல்லிக் கேட்டோண்ண எனக்கு முதல் ஞாபகம் வந்தது அளவையியல் வகுப்புத்தான், அதுதான் சரியா நியாயம் பாக்கப் பழக்கிற லொஜிக் பாடம். 1993, 94ல ஏ.எல். படிக்கேக்க யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்ல, ஜாம் போத்தலுக்க பஞ்சு வச்சு மண்ணெண்ணெய் விட்ட விளக்கில இருந்து நியாயத்தொடை, அதாவது ரெண்டு கூற்றில இருந்து ஒரு முடிவு எடுக்கிற வாதம், எழுதி முடிவு சரியா வருதெண்டா வலிது, இல்லாட்டி வலிதற்றது எண்டு பிரிப்பம்.

சேர் ஒருநாள் செம்மல்வைஸ் எண்ட டொக்டரின்ர கதை சொன்னார். 1847, வியன்னா பெரியாஸ்பத்திரியில ரெண்டு பிரசவ வாட், மருத்துவ மாணவர் பாக்கிற வாட்டில மருத்துவிச்சிமார் பாக்கிறதில விட எவ்வளவோ கூடத் தாய்மார் பிரசவக் காய்ச்சலில சாகினம். சனநெரிசலோ எண்டா மற்ற வாட்டிலதான் நெரிசல். சாகிறவைக்குச் செபிக்கப் பாதிரியார் மணியோட வாற பயமோ எண்டு மணியை நிப்பாட்டியும் பாத்தாச்சு, ஒண்டும் மாறேல்ல. பிறகு கூட்டாளி டொக்டர் ஒராள் பிரேத பரிசோதனையில கத்தி வெட்டி அதே மாதிரிக் காய்ச்சலில சாகத்தான் பிடிபட்டது, டொக்டர்மாரும் மாணவரும் பிணம் அறுத்த கையோட வந்து பிள்ளைப்பேறு பாக்கினம். குளோரின் சுண்ணாம்புத் தண்ணியில கை கழுவ வச்சார், ஏப்ரலில நூற்றுக்கு 18 சாவு, ஜூனில 2.

"பிறகு பெரிய பதவி குடுத்திருப்பினம் என்ன சேர்?"

"இல்லையப்பன். பெரிய டொக்டர்மார் கனபேர் ஏற்கேல்ல, இருந்த வேலையும் போச்சு, 1865ல மனநோயாளர் விடுதியில செத்தார்." சொல்லிப்போட்டு சோக்கட்டியைக் கையில உருட்டிக்கொண்டு நிண்டார்.

அதால, அளவையியல் படிச்சா வாழ்க்கையில முன்னேறலாம் எண்டு நான் என்ர பிள்ளையளுக்குச் சொல்லமாட்டன், அது பொய். நான் கனடா வந்தது அக்கா ஸ்பொன்சர் பண்ணினதால. அளவையியலில ஏ எடுத்த நான்தான் 2011ல ஊராள் ஒருத்தர் சொன்ன திட்டத்தில 15,000 டொலரைப் போட்டு இழந்தனான், மாதம் 3 வீத லாபம் எப்பிடி வரும் எண்ட கேள்வி மனசில இருந்தது, ஆனா தெரிஞ்ச மனிசனை முகத்துக்கு நேர கேக்க வெக்கமா இருந்தது. யோசிக்கத் தெரிஞ்சாப் போதாது, வாய் திறந்து கேக்கவும் வேணும், அதை எங்களுக்கு ஒருத்தரும் பழக்கேல்ல.

போன வருசம் அம்மா ஏதோ மூலிகைத் தூள் குடிச்சு சீனி குறைஞ்சிட்டுது எண்டு ஒரே சந்தோசம், மாதம் 80 டொலர். அதே கிழமைதான் இரவுச் சோத்தையும் விட்டவா. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையோ எண்டு நினைச்சன், ஆனா அம்மாவோட வாதாடேல்ல. "அம்மா, டொக்டர் தந்த குளிசை அப்பிடியே இருக்கட்டும், சோறும் வேண்டாம், தூளை மட்டும் ரெண்டு கிழமை விட்டுப் பாப்பமோ?" எண்டு கேட்டன். சேர் படிப்பிச்ச வேற்றுமை முறை, ஒண்டை மட்டும் மாத்து. விடியவும் பின்னேரமும் அளந்து கோயில் கலண்டரில பென்சிலால எழுதினா. சீனி ஏறேல்ல.

தூள் போத்தல் இப்பவும் அலுமாரியில இருக்கு. அம்மா அளக்கிறதை விடேல்ல, இந்த வருசக் கலண்டரிலயும் எழுதுறா, நேற்று போன் எடுத்து "தம்பி, நடந்திட்டு வந்த நாளில குறைவா நிக்குது, அது ஏன்?" எண்டு கேக்கிறா.