சீசரும் ஓர் உழக்கும்

எங்கள் வீட்டில் மாசாமாசம் யாருடைய மளிகைச் செலவு அதிகம் என்று கேட்டால் வாலாட்டிக்கொண்டு ஒருத்தன் வருவான். பெயர் சீசர். லாப்ரடார், ஆறு வயது. அவனுக்கு வாங்கும் 12 கிலோ தீவன மூட்டை 7,800 ரூபாய், மூன்று வாரம் தாண்டாது. கூடவே செவலை. அவளை நாங்கள் வாங்கவில்லை, ஒரு மழை நாளில் காம்பவுண்டுக்குள் வந்தவள், மழை நின்றும் போகவில்லை. 16 கிலோ, ஒட்டிய வயிறு, ஓடும் கால். சீசரை மேலிருந்து பார்த்தால் உருட்டி வைத்த பாய் மாதிரி இருப்பான்.

ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தடுப்பூசி போடக் கூட்டிப் போனபோது டாக்டர் ஊசியை எடுப்பதற்கு முன்னால் அவன் விலாவைத் தடவினார். எலும்பு கைக்குத் தட்டுப்படவில்லை. "தோல் மேல லேசாத் தடவினாலே விலா எலும்பு தெரியணும் சார். உங்க புறங்கையைத் தடவிப் பாருங்க, அந்த மாதிரி." எடை 41 கிலோ. இருக்க வேண்டியது 32. வாரத்துக்கு ஒரு சதவீதம், அதாவது 400 கிராம் போல இறங்கினால் போதும், அவசரப்பட வேண்டாம் என்றார்.

சரி, ஒரே கல்லில் ரெண்டு மாங்காய், விலை குறைந்த தீவனத்துக்கு மாற்றினால் பணமும் இறங்கும், சீசரும் இறங்குவான் என்று 10 கிலோ 2,600 ரூபாய்க்கு உள்ளூர் மூட்டை ஒன்று வாங்கினேன்.

மாங்காய் விழுவதற்கு முன் கணக்குப் போட வேண்டியிருந்தது. டாக்டர் சொல்லிக்கொடுத்த வாய்ப்பாடு: 32-ஐ 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70-ஆல் பெருக்கு. (செல்போன் கால்குலேட்டரைப் படுக்க வைத்தால்தான் அந்தப் பொத்தான் வரும். அரை மணி நேரம் தேடினேன்.) எடை இறங்க சீசருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 940 கலோரி. பழைய மூட்டையில் கிலோவுக்கு 3,800 கலோரி என்று அச்சிட்டிருந்தது. புதியதில் அதைக் காணோம். புரதம் 20 சதவீதம், கொழுப்பு 10, நார் 5, ஈரம் 10 என்று மட்டும் இருந்தது. சாம்பலுக்கு (தாது உப்புக்குத் தீவனக் கணக்கில் அதுதான் பெயர்) ஓர் 8 வைத்தால் மிச்சம் 47 மாவுச்சத்து. புரதத்துக்கும் மாவுக்கும் கிராமுக்கு 3.5 கலோரி, கொழுப்புக்கு 8.5 என்று பெருக்கிக் கூட்டினால் கிலோவுக்கு ஏறக்குறைய 3,200. ஆக, அதே தெம்புக்குப் புதியதை ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகப் போட வேண்டும். மூட்டை விலையில் தெரிந்த லாபம் முழுசாகக் கைக்கு வராது. ஆனாலும் லாபம்தான். வேளைக்கு 147 கிராம், நாளைக்கு இரண்டு வேளை என்று காலண்டர் தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன்.

தீவனத்தை ஒரே நாளில் மாற்றக் கூடாது, வயிறு கெட்டுவிடும். முதலில் கால் பங்கு, ரெண்டு நாள் கழித்துப் பாதி, பிறகு முக்கால் என்று ஒரு வாரம் இழுக்க வேண்டும். சீசருக்கு இந்த ஏற்பாடே புரியவில்லை. தட்டில் என்ன விழுந்தாலும் பதினைந்து நொடி. செவலை அப்படியல்ல. கலந்து வைத்ததில் பழையதை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுவிட்டு, புதியதைத் தட்டுக்கு வெளியே வரிசையாக எடுத்து வைத்தாள். அம்மா அரிசியில் கல் பொறுக்குவதைப் பார்த்துக் கற்றிருப்பாள் போல. வெளியே வைத்ததையெல்லாம் சீசர் தின்றான். நான்காம் நாள் ராத்திரி அவன் விட்ட காற்றில் எங்கள் படுக்கையறை ஜன்னலைத் திறந்தோம், கொசு வந்தாலும் பரவாயில்லை என்று.

எடை பார்க்கப் பழைய பேப்பர் கடைத் தராசுதான் வசதி. ஒரு பொறையைக் காட்டி ஏற்றினேன். (எடை குறைப்பதற்குத் தீனி லஞ்சம்!) கடைக்காரர் சீசரையும் தராசையும் மாறிமாறிப் பார்த்து, "இதை எந்த ரேட்ல போடணும் அண்ணாச்சி?" என்றார். பத்து நாள் ஆகியும் அதே 41.

சந்தேகம் வந்து, காலையில் அம்மா சாப்பாடு வைக்கும்போது கூடவே நின்றேன். அளவுக்கு அம்மா எடுத்தது தாத்தா காலத்துப் பித்தளை உழக்கு. கோபுரமாக அள்ளி, வழியும் இரண்டு மணிகளை விரலால் தாங்கிப் பிடித்துக் கொண்டுபோய்க் கொட்டினார். சமையல்கட்டுத் தராசில் வைத்தேன். 190 கிராம். தலைதட்டி அளந்தால் சொல்லி வைத்தாற்போல் 147! ஆக அந்தக் கோபுரம்தான் நாளைக்கு இரண்டு தடவையாகச் சீசரின் இடுப்பில் எழுந்துகொண்டிருந்தது.

"ஏலே, வாயில்லா சீவனுக்குத் தலைதட்டியா அளப்பாவ?"

அறிவியலை இறக்கிப் பார்த்தேன். 2016-இல் கேம்பிரிட்ஜில் கண்டுபிடித்தார்கள் அம்மா, லாப்ரடாரில் நாலில் ஒன்றுக்கு ஒரு மரபணுவில் துண்டு விட்டுப்போயிருக்கும், அதனால் பசி அடங்கவே அடங்காது, சீசரும் அந்த ரகமாக இருக்கலாம் என்றேன்.

"பசி அடங்காதுன்னு வெள்ளைக்காரனே சொல்லிட்டான். அப்புறம் நீ எதுக்குலே கொறைக்க?"

கேம்பிரிட்ஜ் தோற்றது. கடைசியில் மூட்டுவலிக் கதைதான் எடுபட்டது. அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி உண்டு. இந்தக் கனத்தோடு போனால் சீசருக்கும் அப்படித்தான் வரும் என்றதும் முகம் மாறியது. இனிமேல் தலைதட்டித்தான் என்று ஒப்புக்கொண்டார். தயிர்சாத உருண்டை நின்றது. சாயங்காலப் பொறைக்குப் பதில் கேரட், வெள்ளரிக்காய். செவலை கேரட்டை முகர்ந்து பார்த்து மண்ணில் புதைத்தாள். சீசர் தோண்டித் தின்றான்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி பேப்பர் கடை. 41.2.

மறுநாள் காலை சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அம்மா உழக்கில் கோபுரமாக அள்ளினார். சீசரின் தட்டுக்கு நேர் மேலே பிடித்தார். என் பையனின் ஸ்கேலை எடுத்து, ரேஷன் கடைக்காரரே தோற்கும்படி ஒரே இழுப்பில் தலைதட்டினார். கோபுரம் மொத்தமும் சலசலவென்று தட்டில் விழுந்தது. அதற்கு மேல் உழக்கையும் கவிழ்த்தார்.

என்னைப் பார்த்ததும் ஸ்கேலைத் தூக்கிக் காட்டினார். "தட்டச் சொன்ன, தட்டியாச்சு."