தலைக்கு ஒரு ஷில்லிங்

ராத்திரி தூக்கம் வராமல் பழைய நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 1913இல் பிரிட்டன் வெட்டி எடுத்த நிலக்கரி 28 கோடியே 70 லட்சம் டன். அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு எடுத்ததே இல்லை.

அன்றைய வாயுச் சோதனைதான் என்னைக் கட்டிப்போட்டது. ஷிப்டு தொடங்கும் முன் ஒருவர் விளக்கோடு உள்ளே போவார். திரியை நன்றாக இறக்கி, விளக்கை மெல்லக் கூரைப் பக்கம் தூக்குவார். சுடரின் தலையில் வெளிர்நீலத் தொப்பி மாதிரி ஒன்று தெரிந்தால், வெடிக்கக்கூடிய மீத்தேன் வாயு இருக்கிறது. தொப்பி உயர உயர வாயு அதிகம். அத்தனை பேர் உயிரும் அவர் கண்பார்வையில்!

அதே ஆண்டு அக்டோபர் 14, வேல்ஸில் செங்கனித் சுரங்கம் வெடித்தது. 439 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள், மீட்கப் போனவர் ஒருவரும். 1901இலேயே அங்கே 81 பேர் செத்திருந்தார்கள். காற்றோட்டத்தைத் திருப்பிவிடும் வசதி வேண்டும் என்று 1911 சட்டம் சொல்லியிருந்தது. செய்யவில்லை.

சரி, தண்டனை? மேலாளருக்கு 24 பவுண்டு, கம்பெனிக்கு 10 பவுண்டு அபராதம். அன்று ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். அந்த 24 பவுண்டை 439ஆல் வகுத்துப் பார்த்தேன். தலைக்கு ஒரு ஷில்லிங் சொச்சம். அப்புறம் எங்கே தூங்க?