லாக்குக்கு முன்

மார்ச் 3
எடிட்டில் என் ஆவணப்படத்துக்கான பெரியவரின் இரண்டாவது பேட்டி. தொடக்கத்தில் உதடும் குரலும் ஒட்டிப் போகின்றன. நாற்பதாவது நிமிடத்தில் குரல் 2.4 நொடி பின்தங்குகிறது. நொடிக்கு 23.976 ஃபிரேமில் எடுத்ததை மென்பொருள் 24 என்று படித்திருக்கிறது. 0.1 சதவீத வித்தியாசம்தான், ஒரு மணி நேரத்துக்கு 3.6 நொடி. ஒலியைத் துண்டு துண்டாக நகர்த்தி ஒட்டவைக்கக் கூடாது. கிளிப்பின் வேகத்தை 23.976-க்குத் திருப்பினால் முழுப் பேட்டியும் தானே பொருந்திவிடும்.

மார்ச் 4
படத்தைக் காட்ட எப்போது வரலாம் என்று அவர் வீட்டிலிருந்து தகவல் இல்லை.

மார்ச் 6
இரண்டாம் ஆண்டு வகுப்பு. பயிற்சிப் பேட்டிகளில் ஒளி அழகு, ஒலி லெவலும் சரி, உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டவில்லை. ஆனால் யாருமே ரூம் டோன், அதாவது யாரும் பேசாதபோது அறையில் இருக்கும் ஒலி, எடுக்கவில்லை. கட் விழும் இடமெல்லாம் ஒலியில் குழி. பேட்டி முடிந்ததும் ஒருவரும் எழக் கூடாது. அதே மைக், அதே இடம், மைக் ஒலியைப் பெருக்கும் அளவான கெயினும் அதே, மின்விசிறி ஓடினால் ஓடட்டும். அறுபது நொடி பதிவாக வேண்டும். பத்து நொடி போதாதா என்றாள் ஒருத்தி. போதாது. பத்து நொடியைச் சுற்றவிட்டால் அதிலுள்ள ஒரு நாற்காலி முனகல் திரும்பத் திரும்ப வந்து காட்டிக்கொடுக்கும். இரைச்சல் நீக்கியை நம்பினால் அது மூச்சையும் தின்றுவிடும். ‘ஸ’ எல்லாம் தண்ணீருக்குள் பேசுவதுபோல் ஆகும்.

மார்ச் 7
பெரியவர் தம்பியைப் பற்றிச் சொல்லிவிட்டு நிறுத்தும் அந்த நாலு நொடி. எழுத்துப் பிரதியில் அது வெறும் மூன்று புள்ளி. தாளை மட்டும் பார்த்து கட் செய்திருந்தால் முதலில் போயிருக்கும். அங்கே இசை வேண்டாம். அறையின் ஒலி மட்டும்.

மார்ச் 9
எடுத்த பதிவுக்கு மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு கட்டடத்தில். பிரதி அசலைப் போலவே இருக்கிறதா என்று காட்டும் செக்சம் எண் ஒத்துப்போன பிறகே கேமரா கார்டை அழிப்பது.

மார்ச் 10
ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இருக்கிறது. காகிதத்துக்கு அது போதும். லாக்குக்கு முன், அதாவது இனி மாற்றமில்லை என்று எடிட்டை முடித்துவைக்கும் முன், காட்டுகிறேன் என்று அவரிடம் சொன்ன சொல்லுக்குப் போதாது. தம்பி பகுதியை எடுத்துவிடச் சொன்னால் எடுக்கத்தான் வேண்டும். பிறகு படம் எதன்மேல் நிற்கும்? மறுபடி மறுபடி அந்த நாலு நொடிக்கே வந்து நிற்கிறேன்.

மார்ச் 11
தகவல் இல்லை. மதிப்பெண் போட உட்கார்ந்தும் ஓடவில்லை.

மார்ச் 12
பெரியவரின் மகள் பேசினார். நாளை காலை பார்க்கலாம், அரை மணி நேரம். அவருடைய பகுதிகளை மட்டும் தனியாக எடுக்கிறேன். அவருக்கு வலது காதுதான் கேட்கும்; ஸ்டீரியோவை மோனோவாக்கினால்தான் எதுவும் விடுபடாது. தம்பி பகுதியை முதலில் வைக்கிறேன், களைப்பதற்குள் பார்த்துவிடட்டும். எக்ஸ்போர்ட் ஓடுகிறது.